நூற்று நாற்பத்து மூன்று நெளிகோடுகள்

மெல்ல சார் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பழைய கணினியை நிறுத்திவிட்டு, எல்லோரும் கைதட்டிக் கலைந்திருப்பார்கள்.

லிஃப்டுகளை ஆய்வு செய்து சான்று கொடுக்கும் அலுவலகம் அது. ஊரில் உள்ள ஒவ்வொரு லிஃப்டுக்கும் அங்கே ஒரு வரி உண்டு. எந்தக் கட்டடம், எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மாடி, எந்தத் தேதியில் எந்த ஆய்வாளர் பார்த்தார், கடைசியில் அவர் எழுதிய குறிப்பு. பதினெட்டு வருடமாகப் பழைய கணினிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அந்த வரிகளைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றித் தருவதற்காக அவளை ஆறு மாதத்துக்கு எடுத்திருந்தார்கள்.

வேலையில் சிக்கல் ஒன்றும் இல்லை, பூச்சிகளைத் தவிர. எழுத்தாகவும் இல்லாமல் எண்ணாகவும் இல்லாமல் வரிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குறிகளுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். மேற்கோள், நட்சத்திரம், சாய்கோடு, செங்குத்துக் கோடு. இந்தச் செங்குத்துக் கோடுதான் பழைய கணினியில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே நிற்கும் சுவர். யாரோ ஒருவர் கை தவறி முகவரிக்குள் அதைத் தட்டிவிட்டால் போதும், புதிய பதிவேடு அங்கே உண்மையாகவே ஒரு சுவர் இருப்பதாக நம்பிவிடும். முகவரியில் பாதி அடுத்த கட்டத்துக்குக் குடிபோகும். அங்கே இருந்தது அதற்கடுத்த கட்டத்துக்கு. 'பின்வாசல் பக்கம்' என்ற தேதியில் ஆய்வு செய்யப்பட்ட லிஃப்ட் ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். நாள் முழுக்க இந்தக் குறிகளைப் பொறுக்குவதால் அலுவலகத்தில் அவள் பூச்சிக்காரி ஆகிவிட்டாள். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

திங்கட்கிழமை ஒரு சோதனை ஓட்டம் விட்டாள். எழுத்தும் எண்ணும் முற்றுப்புள்ளியும் கமாவும் போக மற்ற எல்லாவற்றையும் கூட்டித் தள்ளும்படி கட்டளை. பூச்சிகள் போயின. கூடவே '6/8' என்றிருந்த இடத்தில், அதாவது ஆறு பேர் ஏறலாம், எட்டு மாடி என்றிருந்த இடத்தில், சாய்கோடு போய் '68' என்று வந்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

அவரைத்தான் எல்லோரும் மெல்ல சார் என்பார்கள். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "மெல்ல, மெல்ல" என்பார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அவசரப்பட்டும் பார்த்ததில்லை. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

"அறுபத்தெட்டு பேரா?" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அது லிஃப்ட் இல்லம்மா, கப்பல்."

பிறகு சாய்கோட்டை அழிக்காமல் அப்படியே விட்டுவிடச் சொன்னார். எண்களுக்கு நடுவே வரும் சின்னக் கிடைக்கோட்டையும் விட்டுவிடலாம் என்றார். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த நெளிகோடு மட்டும் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பார்த்துக்கோ."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. எந்த நெளிகோடு? அப்படி ஒன்றை அவள் இதுவரை பார்க்கவே இல்லை. பார்க்காததை அவரிடம் சொல்லியிருக்கவும் முடியாது. கோப்பைத் திறந்துகூடப் பார்க்காத மனிதருக்கு அதற்குள் என்ன நெளிகிறது என்று எப்படித் தெரியும்?

தேடச் சொன்னாள். நூற்று நாற்பத்து மூன்று வரிகளை எடுத்துக் கொடுத்தது கணினி.

'கயிறு, பிடி, கதவு யாவும் சரி. ~'

எல்லாம் ஒரே அச்சு. குறிப்பின் கடைசி முற்றுப்புள்ளி, ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் ஒரு அலை. விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். அந்தக் குறி இடது மேல் மூலையில் தனியாகக் கிடந்தது. அதை அழுத்த இன்னொரு விரலால் இன்னொரு விசையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வழி தவறி யாரும் போகிற தெரு அல்ல அது. ஒரு தடவை போகலாம். நூற்று நாற்பத்து மூன்று தடவை?

அத்தனை வரியும் ஒரே ஆய்வாளருடையவை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொடங்கி, ஆறு வருடத்துக்கு முன்னால் சட்டென்று நின்றிருந்தன. அந்த ஆய்வாளர் இப்போது மேலிடத்தில் தலைமை ஆய்வாளர். அவளுக்கு வேலை ஆணை வந்த தாளில்கூட அவர் கையெழுத்துதான். தட்டச்சு செய்தவருக்குப் பெயர் இல்லை, 'இயக்குநர் எண் 3' என்று மட்டும் இருந்தது.

ஒரே நாளில் ஊரின் இந்தக் கோடியில் நாலு கட்டடமும் அந்தக் கோடியில் ஐந்து கட்டடமும் பார்த்ததாக எழுதியிருந்தார் ஆய்வாளர். அவருக்கும் மெல்ல சாருக்கும் நடுவே ஏதோ ஓடுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். என்ன என்றுதான் புரியவில்லை.

சந்தேகம் ஒரு இடத்தில் நிற்காது. மதியத்துக்குள் டைப்பிங் அக்காவின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்வது அக்கா ஒருத்திதான். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மூலைப் பக்கம் போகிறதா என்று பூச்சிக்காரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம்தான் ஒருத்தி அதைப் பொறுத்துக்கொள்வாள்?

"என் விரல்ல என்னடி தேடுற? மோதிரம் ஏதாவது காணாமப் போச்சா?"

"சும்மாக்கா."

"சும்மா பார்க்கறவங்க கண்ணு இப்படி இருக்காது. மெல்ல சார் அனுப்பினாரா உன்னை, நான் எத்தனை தப்பு அடிக்கறேன்னு எண்ணச் சொல்லி?"

அன்று மாலையே அக்கா தன் மேசை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை தேநீரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். இவள் அக்காவைக் கண்காணிக்க, அக்கா இவளைக் கண்காணிக்க, ரெண்டு பேரையும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து மெல்ல சார் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எழுந்து வந்து பூச்சி எல்லாம் போயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவளும் அண்ணனும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பிடுகிற மேசையில் பேச்சை எடுத்தாள். ஆய்வாளர் ஒரு லிஃப்டை நேரில் பார்த்தாரா, உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிவிட்டாரா என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டாள்.

உண்டு என்றான் அண்ணன். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இயந்திர அறையில் ஒரு தகர அட்டை தொங்கும். நேரில் வருகிற ஆய்வாளர் தன்னிடம் இருக்கும் துளைப்பானால் அந்த வருடத்துக் கட்டத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்த அட்டையை யார் பார்க்கிறார்கள்? மெக்கானிக்குகள் அதில் தொப்பியை மாட்டுவார்கள்.

அவள் மூன்று முகவரிகளை, ஆய்வு நடந்ததாகச் சொல்லும் தேதிகளோடு, ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள். ஒன்றில் நெளிகோடு உண்டு. இன்னொன்று அதே ஆய்வாளர் பார்த்தது, ஆனால் குறி இல்லை. மூன்றாவது வேறொரு ஆய்வாளருடையது. எது எது என்று மட்டும் சொல்லவில்லை. அண்ணனையே அவள் முழுசாக நம்பவில்லை. தங்கை எதிர்பார்ப்பதைப் பார்த்துவிட்டு வருகிற சுபாவம் அவனுக்கு உண்டு.

"வேலைக்குப் போற இடத்துல என்னைத் துப்பறியச் சொல்றே," என்றான்.

"அண்ணனும் தங்கச்சியும் காலையில லிஃப்ட், ராத்திரி லிஃப்ட்," என்றாள் அண்ணி. "இந்த வீட்டுல மேல ஏறினது என் ரத்த அழுத்தம் ஒண்ணுதான்."

புதன்கிழமை அண்ணன் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கேலி இல்லை. கையைக்கூடக் கழுவாமல் துண்டுத்தாளை மேசையில் வைத்தான். ரெண்டு இடத்தில் அட்டையில் ஓட்டை இருந்தது, தேதிப்படி சரியாக. ஒரே ஒரு இடத்தில் அந்த வருடத்துக் கட்டம் மொழுமொழுவென்று இருந்தது. நெளிகோடு உள்ள இடம் அதுதான்.

"அட்டையை விடு," என்றான். "கயிறு அறுந்தா பெட்டியைக் கவ்விப் பிடிக்கணும்னு ஒரு பிடி இருக்கும். அதைத் தட்டிப் பார்த்தேன். துரு ஏறி உட்கார்ந்துபோயிருக்கு. அது எதையும் பிடிக்காது."

"இப்பவும் ஜனங்க ஏறி இறங்கறாங்களா?"

"நான் மேலே போனதே அதுலதான். அப்புறம் ஃபோன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். மத்ததெல்லாம் எங்கே இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று இடம். முழு ஆய்வு பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கணக்குப்படி அவற்றை யாரும் திரும்பிப் பார்க்க இன்னும் மூன்றிலிருந்து ஆறு வருடம் ஆகும். அதுவரை, எவை பார்க்கப்படாதவை என்று சொல்ல இந்த உலகத்தில் இருப்பது அந்தச் சின்ன அலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பழைய கணினியை நிறுத்திவிட்டால் அதுவும் இருக்காது.

படுக்கையில் கிடந்து யோசித்தாள். பூச்சியை நடத்துவதற்கு அவளுக்கு மூன்று வழி தெரியும். எறிந்துவிடலாம். வேறொன்றாக மாற்றலாம். அல்லது அதற்கு முன்னால் ஒரு காவல்குறியை நிறுத்திவிட்டால், புதிய பதிவேடு அதைத் தொடாமல் அப்படியே உள்ளே விட்டுவிடும். ஆனால் உள்ளே போய் என்ன பயன்? அங்கே அதைப் பார்க்கிற எவருக்கும் அது வெறும் நெளிகோடு. அதை வார்த்தையாக மாற்றியாக வேண்டும். புதுசாக ஒரு கட்டம் திறந்து, படிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். புதிய கட்டம் திறக்க மேற்பார்வையாளரின் கடவுச்சொல் வேண்டும். சுற்றிச் சுற்றி அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அக்காவின் மேசைக்குப் போய், தன் திரையைக் காட்டினாள். அக்காவின் எண் 7, இதில் அக்காவுக்குச் சம்பந்தமே இல்லை என்று விளக்கினாள். அக்கா ரெண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். அதற்காகத்தான் அந்தப் பூட்டு போலிருக்கிறது.

"அப்போ மூணாம் நம்பர் யாரு, அக்கா?"

"நான் வந்தப்போ இந்த நாற்காலி மெத்தையில ஒரு பள்ளம் இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுல சாய்ஞ்சுதான் உட்காருறேன்." அக்கா குரலைத் தாழ்த்திக் கண்ணாடித் தடுப்பைக் காட்டினாள். "அவரு பள்ளம்டி அது. மேற்பார்வையாளர் ஆகறதுக்கு முன்னாடி அவருதான் இங்கே டைப்பிஸ்ட்."

பூச்சிக்காரி பாதி பிஸ்கட்டை மேசையிலேயே வைத்துவிட்டாள். குறியை அழிக்கத் துடிக்கிறவர்தான் குறியைப் போட்டவரா?

அவர் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை; சாத்தப் பயமாக இருந்தது. தாளை மேசையில் வைத்து, மூன்று முகவரிகளையும் தகர அட்டையையும் பற்றிச் சொன்னாள். அவர் மெல்ல மெல்ல என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்," என்றார்.

அந்த ஆய்வாளர் காலை பதினொரு மணிக்குள் பன்னிரண்டு படிவங்களோடு வந்து நிற்பாராம். எல்லாம் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை. இயந்திர அறைக்குள் ஒரு தடவை போய்வந்தாலே சட்டைக் கையில் கிரீஸ் ஒட்டும். அவர் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. ஒரு நாள் இவர் கேட்டுவிட்டார். கொடுத்ததை அடி, போதும் என்று பதில் வந்தது. அடித்தார். அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு அலையை விட்டார். யாராவது ஒருத்தர் இது என்ன என்று கேட்பார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

"அப்புறம் நீங்களே மேற்பார்வையாளர் ஆயிட்டீங்களே, சார். நீங்க கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "கேக்கற நாற்காலிக்கு வந்ததும் குறி போடறதை நிறுத்திட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணினது."

இப்போது குறி வெளியே வந்தால் முதல் கேள்வி ஆய்வாளரிடம் போகாது. யார் போட்டது, தெரிந்தும் ஒன்பது வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றுதான் வரும். அவர் அதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பிடி துருப்பிடித்திருப்பதை அவள் சொன்னாள். தனக்கு வேண்டியது ஒரு கட்டமும் அவருடைய கடவுச்சொல்லும்தான் என்றாள். யோசிக்கிறேன் என்றார்.

யோசிக்கிறேன் என்ற சொல்லை அவள் நம்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கதையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. தன்னை இளக வைப்பதற்காக அந்த நிமிடத்திலேயே தைத்த கதையாக இருந்தால்? நாளைக் காலை அவளுக்கு முன்னால் வந்து பழைய கணினியில் அந்த அலைகளை அவர் துடைத்துவிட்டால், அப்புறம் அவளிடம் இருப்பது அண்ணன் பார்த்த ஒரு ஓட்டையில்லா அட்டை மட்டும்.

அதனால் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே போனாள். காவலாளி அப்போதுதான் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அலுவலகக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது. உள்ளே அவளுடைய நாற்காலியில், அவளுடைய திரைக்கு முன்னால், மெல்ல சார் உட்கார்ந்திருந்தார்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. வணக்கம் சொல்லவில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எண்ணிக்கை கேட்கும் கட்டளையைத் தட்டினாள். நூற்று நாற்பத்து மூன்று. ஒன்றும் குறையவில்லை.

"எண்ணிட்டியா?" என்றார். "ஆனா அது சரியான எண்ணிக்கை இல்லம்மா."

அவர் மடியில் ஒரு நீளத் தாள் இருந்தது. குறி போடுவதை அவர் நிறுத்தினாரே தவிர, ஆய்வாளர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் படிவங்கள் வந்தன. அவற்றில் இவர் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினார். நினைவிலிருந்து இருபத்தொரு கட்டடங்களை எழுதியிருந்தார்.

அவள் அதையும் சந்தேகப்பட்டாள். நல்ல லிஃப்டுகளை வேண்டுமென்றே கலந்து பட்டியலையே கேலிக்கூத்தாக்கப் பார்க்கிறாரோ? நின்றபடியே அண்ணனுக்கு ஃபோன் செய்து, தாளில் முதலில் இருந்த முகவரியையும் வருடத்தையும் சொன்னாள். அவன் வேலைக்குப் போகும் வழியில்தான் அது இருந்தது. முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வந்து பார்த்துவிட்டு, ரெண்டு தேநீரை மேசையில் வைத்துவிட்டு நழுவினாள். அண்ணனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'ஓட்டை இல்லை.'

அதற்கு அப்புறம் வேலை வேகமாக நடந்தது. நெளிகோடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, புதிய கட்டத்தில் 'நேரில் பார்க்கப்படவில்லை' என்று எழுதும்படி கட்டளை கொடுத்தாள். இருபத்தொன்றைக் கையால் சேர்த்தாள். மெல்ல சார் ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். ஒரு காலத்தில் பத்து விரலால் அடித்த மனிதர். அவள் அவருடைய விரலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நூற்று அறுபத்து நான்கு வரிகள் திரையில் சிவப்பாக மாறின. நண்பகலில் பழைய கணினியை நிறுத்தினார்கள். அக்கா மட்டும் கைதட்டினாள், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த வாரம் ஊரே படியேறியது. சிவப்பு வரிகள் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் போயிருந்ததால், மேலிடத்தில் எவரும் அதை உள்ளங்கையால் மூட முடியவில்லை. லிஃப்ட் கதவுகளில் நிறுத்த அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. அண்ணனுக்கு வீட்டுக்கு வர நேரமில்லை. அவர்கள் அலுவலகம் இருந்த ஐந்து மாடிக் கட்டடமும் அந்த இருபத்தொன்றில் ஒன்று.

புதன்கிழமை காலை அவள் ஏறும்போது, முன்னால் இரண்டாம் மாடிக் காப்பீட்டு அலுவலகப் பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, இந்த வேலையைச் செய்த மகராசி எவளோ அவள் முழங்கால் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தாத குறையாகத் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மெல்ல சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதம் எட்டிப்பார்த்தது.

விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். யார் போட்ட குறி, எப்போது, ஏன் என்று நாளைக்குள் எழுத்தில் தர வேண்டுமாம். நேற்று மாலை தலைமை ஆய்வாளரே ஃபோனில் பேசினாராம், ரொம்ப மரியாதையாக. பழைய விசைப்பலகையில் ஏதோ கோளாறு என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது, நாலு மாதத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க, சார்?"

"யோசிக்கறேன்னு சொன்னேன்."

அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். பக்கத்தில் ஆட்கள் கடந்துபோகும்வரை காத்திருந்தார்.

"பழைய கணினியை நிறுத்தறதுக்கு முன்னாடி கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வச்சிருப்பியே," என்றார். "மூணாம் நம்பர் எல்லாம் இருக்கற மாதிரி."

தோளில் இருந்த பையை அவள் கை தானாக இறுக்கிப் பிடித்தது.

"நல்லது," என்றார் மெல்ல சார். "நான் எழுதிக் கையெழுத்துப் போடற வரைக்கும் அதை யாருக்கும் கொடுக்காதே. நான் வந்து கேட்டாலும் கொடுக்காதே."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றி அடுத்த படியில் காலை வைத்தார். அவள் அவருக்கு ரெண்டு படி பின்னாலேயே, பையை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள்.